ஓசிடி: காத்திருப்பு பெஞ்சில் கேட்ட கேள்விகள்

அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மருத்துவரைப் பார்க்க வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களோடும், அவர்களை அழைத்து வந்தவர்களோடும் பேசுவது என் வேலையில் பாதி. ‘ஓசிடி’ என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள், ஊரும் மதமும் வேறானாலும், பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டே வந்தேன். கேட்டவர்களின் கேள்விகளை முடிந்தவரை அவர்கள் கேட்ட விதத்திலேயே தந்திருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன்.

ஓசிடி, ஓசிடி என்கிறீர்களே, அது என்ன? சுத்தம் அதிகமாகப் பார்ப்பதுதானே?

அப்செஸிவ் கம்பல்சிவ் டிஸார்டர் என்பதன் சுருக்கம். பத்திரிகைகளில் எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதுகிறார்கள். இதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, வேண்டாம் என்று தள்ளினாலும் வந்து மோதிக்கொண்டே இருக்கும் எண்ணம்: ‘கையில் அழுக்கு ஒட்டியிருக்கிறது’, ‘கதவைப் பூட்டவில்லை’, ‘வண்டியில் வரும்போது யாரையோ இடித்துவிட்டேன்’. இரண்டாவது, அந்த எண்ணம் கிளப்பும் பதற்றத்தை அடக்குவதற்காகச் செய்தே தீரவேண்டியிருக்கும் செயல்: கழுவுவது, சரிபார்ப்பது, எண்ணுவது, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்வது. இந்தச் செயலை எங்கள் பிரிவில் ‘சடங்கு’ என்போம். சடங்கைச் செய்ததும் கொஞ்சம் நிம்மதி வரும். சில நிமிடங்களில் சந்தேகம் மறுபடியும் வந்து நிற்கும், முன்பைவிடப் பிடிவாதமாக.

சுத்தம் பார்ப்பது இதன் ஒரு முகம் மட்டுமே. அதிலும் வேறுபாடு இருக்கிறது. சுத்தத்தில் பிரியம் உள்ளவர் வீட்டைத் துடைத்துவிட்டுத் திருப்தியாக உட்காருவார். ஓசிடி உள்ளவர் அழுதுகொண்டே துடைப்பார். ஒரு பெண் வந்தார். விரல் இடுக்கெல்லாம் வெளுத்து, முட்டிகளில் தோல் வெடித்து ரத்தக்கோடு தெரிந்தது. பழைய மருந்துச் சீட்டை ஒரு பாலிதீன் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, அதையும் மூன்றாவது பையில் வைத்திருந்தார். நான் கை நீட்டியபோது, “கையில் தர முடியாதுங்க, மேஜையில் வைக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். அவர் குரலில் வெட்கம் மட்டுமே இருந்தது.

எல்லோருக்கும்தான் கேஸை மூடினோமா என்று சந்தேகம் வரும். எங்கே கோடு போடுவது?

வரும். ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவோம். மருத்துவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்பார்கள். இந்த எண்ணமும் சடங்கும் சேர்ந்து ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்கின்றனவா? உங்களுக்குக் கடும் வேதனையாக இருக்கிறதா? வேலை, படிப்பு, உறவு ஏதாவது கெடுகிறதா?

ஒரு பள்ளி ஆசிரியரின் கதையைச் சொன்னால் புரியும். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. அதைத் தவிர்க்கக் கைப்பேசியில் பூட்டைப் படம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு வாரம் நன்றாகப் போனது. பிறகு, ‘இது இன்று எடுத்த படமா, நேற்று எடுத்ததா?’ என்ற சந்தேகம் வந்தது. படத்தில் தேதி இருந்தும் வந்தது. அதற்குப் பிறகு வீடியோ. அவர் சிகிச்சைக்கு வந்தபோது கைப்பேசியில் பூட்டின் படங்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல் இருந்தன.

இது அபூர்வமான நோயா?

இல்லை. உலக அளவில் நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் வருகிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தலைமையில் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், அந்த நேரத்தில் ஓசிடி இருந்தவர்கள் ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு என்று தெரிந்தது. பெரும்பாலும் பதின்பருவத்திலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டும். ஆனால் எங்களிடம் வருகிறவர்கள் பல ஆண்டுகள் மறைத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

என் தங்கை கையைக் கழுவுவதும் இல்லை, பூட்டை இழுப்பதும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் போய் ஓசிடி என்கிறார்களே?

சடங்கு மனதுக்குள்ளேயே நடக்கலாம். கெட்ட எண்ணம் வந்தால் அதை ‘அழிக்க’ ஒரு மந்திரத்தை ஏழு முறை சொல்வது, நேற்றுப் பேசிய பேச்சைத் தவறு இருக்கிறதா என்று முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பது, படித்த வரியை மனதுக்குள் திரும்பத் திரும்பப் படிப்பது. வெளியிலிருந்து பார்த்தால் சோம்பேறித்தனம்போலத் தெரியும். உள்ளே ஓயாத வேலை நடந்துகொண்டிருக்கும். அவளிடம், “சும்மா இருக்கும்போது மனதுக்குள் ஏதாவது செய்துகொண்டே இருக்கிறாயா?” என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கேட்கப்படாததால்தான் பலர் சொல்வதில்லை.

சொல்லவே கூசுகிறது. சாமி கும்பிடும்போது மனதில் அசிங்கமான வார்த்தைகளும் காட்சிகளும் வருகின்றன. நான் அவ்வளவு கெட்டவளா?

நோட்டில் அதிக முறை பதிவான கேள்வி இதுதான். கிட்டத்தட்ட எல்லோரும் அழுதுகொண்டுதான் கேட்டார்கள்.

1978இல் லண்டனில் ஸ்டான்லி ராக்மனும், இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வாவும் ஓர் ஆய்வு செய்தார்கள். மனநோய் எதுவும் இல்லாதவர்களிடம், விரும்பாத அருவருப்பான எண்ணங்கள் வருவதுண்டா என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் ஆம் என்றார்கள். யாரையாவது தள்ளிவிடலாமா, கோயிலில் கத்திவிடலாமா, தகாத உறவு என்று எல்லாம் அதில் இருந்தது. எண்ணத்தின் உள்ளடக்கத்தை மட்டும் வைத்து, இது நோயாளியின் எண்ணம், இது மற்றவரின் எண்ணம் என்று பிரிப்பது நிபுணர்களுக்கே எளிதாக இல்லை. மற்றவர்கள் ‘சே, என்ன இது’ என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். ஓசிடி உள்ளவர், ‘இப்படித் தோன்றுகிறது என்றால் நான் யார்?’ என்று அதைப் பிடித்து விசாரிக்கிறார். விசாரிக்க விசாரிக்க அது ஒட்டிக்கொள்கிறது. குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்ற கதைதான்.

ஓசிடி பெரும்பாலும் ஒருவர் எதை உயிராக மதிக்கிறாரோ அதில்தான் கை வைக்கிறது. பக்தி உள்ளவருக்குச் சாமி மீது, தாய்க்குக் குழந்தை மீது, நேர்மையானவருக்குக் கணக்கு மீது. உங்களுக்கு அந்த எண்ணம் இவ்வளவு வலிப்பதற்கு உங்கள் பக்திதான் காரணம்.

குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. அரிவாள்மனையைப் பார்த்தாலே குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று நடுங்குகிறது. வெளியே சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களா?

பிள்ளை பெற்ற பிறகு ஓசிடி புதிதாகத் தொடங்குவதும், இருந்தது கூடுவதும் பரவலாக நடப்பவை. இந்த எண்ணம் வரும் தாய்மார்கள் கத்தியை ஒளித்து வைக்கிறார்கள், குழந்தையைக் குளிப்பாட்ட அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார்கள், தனியாக இருக்கவே பயப்படுகிறார்கள். எண்ணத்தைக் கண்டு நடுங்குவதுதான் இங்கே நோய். அந்த எண்ணப்படி நடக்கும் விருப்பம் அவர்களிடம் இல்லை. மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவர்களுக்கு இது பழக்கமான கதை. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு.

வேறு ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், குடும்பத்தார் கவனிக்க வேண்டும். பிரசவமான சில நாட்களிலோ வாரங்களிலோ தாய் தூக்கமே இல்லாமல், குழம்பிப் பேசி, இல்லாத குரல்கள் கேட்பதாகவோ, குழந்தைக்குள் ஏதோ புகுந்துவிட்டதாகவோ உறுதியாக நம்ப ஆரம்பித்தால் அது ஓசிடி அல்ல. அது பிரசவத்துக்குப் பிந்தைய தீவிர மனநோய். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். தாயையும் குழந்தையையும் தனியே விடக்கூடாது.

அப்படியானால் இது பைத்தியமா? முற்றினால் தெருவில் திரிய வேண்டியதுதானா?

ஓசிடி முற்றி மனச்சிதைவாக மாறுவதில்லை. இரண்டும் வேறு நோய்கள். ஓசிடி உள்ள பெரும்பாலோருக்குத் தன் பயம் அளவு மீறியது என்று தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாது. அதுதான் கொடுமை. சிலருக்கு அந்தத் தெளிவு மங்கலாக இருக்கலாம், ‘உண்மையிலேயே அழுக்கு இருக்கிறது’ என்று வாதாடுவார்கள். அவர்களுக்கும் இதே சிகிச்சைதான், கொஞ்சம் பொறுமை கூடுதலாக வேண்டும்.

‘பைத்தியம்’ என்ற சொல்லை வீட்டில் யாரையும் நோக்கிச் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்தே பத்து வருடம் மருத்துவமனைப் பக்கம் வராமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் வருகிறது? நான் வளர்த்த விதம்தான் காரணமா?

ஒரே காரணம் என்று ஒன்று இல்லை. குடும்பத்தில் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் வாய்ப்புக் கூடுகிறது. மூளையின் முன்பகுதிக்கும் ஆழத்தில் இருக்கும் சில கணுக்களுக்கும் இடையே ஓடும் ஒரு நரம்புச் சுற்று, ‘ஏதோ தவறு, ஏதோ தவறு’ என்ற எச்சரிக்கையை அணைக்காமல் விட்டுவிடுகிறது. 1992இல் கலிபோர்னியாவில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். குணம் கண்டவர்களிடம் அந்தச் சுற்றின் ஒரு பகுதியில் வேகம் தணிந்திருந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கும் தணிந்திருந்தது. மாத்திரை இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் தணிந்திருந்தது.

தேர்வு, பிரசவம், சாவு, வேலை மாற்றம் போன்ற நெருக்கடிகள் தூண்டிவிடலாம். கண்டிப்பாக வளர்த்ததால் வந்தது, செல்லம் கொடுத்ததால் வந்தது என்று இரண்டு பக்கமும் பழி கேட்ட தாய்மார்கள் எத்தனையோ பேர். இதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம், அம்மா.

யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்கிறார்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப் போகக்கூடாதா?

போகலாம். நம்பிக்கை தெம்பு தரும். மாத்திரையை நிறுத்தச் சொல்கிற இடத்துக்கும், கட்டிப்போடுகிற இடத்துக்கும் மட்டும் அழைத்துப் போகாதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் ஓட முடியாமல் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

எங்கள் வீட்டில் மடி, தீட்டு எல்லாம் பார்ப்போம். மாமியார் ஆசாரம் என்கிறார், மருத்துவர் நோய் என்கிறார். யார் சொல்வது சரி?

ஆசாரத்துக்கு ஓர் அளவு இருக்கிறது. தலைக்குக் குளித்தால் மடி, அதோடு முடிந்தது. நோய்க்கு அந்த முடிவு கிடையாது. மூன்று முறை குளித்தும் ‘சரியாகக் குளித்தேனா’ என்று நிற்கும். ஆசாரமான மற்ற பெண்களும் ‘இது அதிகம், போதும்’ என்று சொல்கிறார்களா? அதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இஸ்லாமியர்கள் இதை வஸ்வாஸ், அதாவது மனதை அரிக்கும் ஊசலாட்டம், என்று நன்றாகவே அறிவார்கள். தொழுகைக்கு முன் உளூச் செய்யும்போது உறுப்புகளை மூன்று முறைக்கு மேல் கழுவ வேண்டியதில்லை. அதற்கு மேல் வரும் சந்தேகத்தைப் பொருட்படுத்தாதே என்பதுதான் மார்க்க அறிஞர்களின் அறிவுரை. செய்த பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிட வரும் கத்தோலிக்கரிடம், ஒரு முறை சொன்னது போதும் என்று குருமார்களும் சொல்கிறார்கள். எங்களிடம் வந்த ஓர் இளைஞருக்கு அவர் ஊர்ப் பள்ளிவாசல் இமாமே பயிற்சியில் துணை நின்றார். மதப் பெரியவர்களைச் சிகிச்சைக்கு எதிரிகளாக நினைக்க வேண்டியதில்லை.

எந்த டாக்டரிடம் போக வேண்டும்? ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

மனநல மருத்துவரிடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பார்க்கலாம். கடினமான நிலையில் இருப்பவர்களுக்கு நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குத் தொலைபேசியில் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

ஓசிடியை ஸ்கேனிலோ ரத்தப் பரிசோதனையிலோ கண்டுபிடிக்க முடியாது. மேலே சொன்ன ஆய்வில் எடுத்த மூளைப் படம் ஆராய்ச்சிக்கானது. கேட்டுத்தான் அறிகிறார்கள். தீவிரத்தை அளக்க, 1989இல் வெளியான பத்துக் கேள்வி கொண்ட ஓர் அளவுகோலைப் பயன்படுத்துவார்கள். மதிப்பெண் 0 முதல் 40 வரை.

கொடுப்பது தூக்க மாத்திரைதானே? ஒரு முறை ஆரம்பித்தால் ஆயுள் முழுக்க விட முடியாதாமே?

தூக்க மாத்திரை அல்ல. ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸமின், எஸ்சிடலோபிராம் ஆகியவற்றில் ஒன்றை வழக்கமாகத் தருவார்கள். இவை மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்துகள். ஓசிடிக்கு அளவு கூடுதலாகத் தேவைப்படும், பலன் தெரியத் தாமதமாகும். பத்துப் பன்னிரண்டு வாரம் பார்த்துவிட்டுத்தான் ‘கேட்கவில்லை’ என்று முடிவு செய்ய முடியும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். முதல் இரண்டு வாரத்தில் குமட்டல், வயிற்றுப்போக்கு, படபடப்பு மட்டும் வரும், பலன் எதுவும் தெரியாது. நிறுத்திவிடுவார்கள். அந்தக் குமட்டல் பெரும்பாலும் தானாகக் குறையும். தாம்பத்திய ஆர்வம் குறையலாம். வெட்கப்படாமல் சொன்னால் மருத்துவர் மருந்தை மாற்றிப் பார்ப்பார்.

போதைபோல அடிமையாக்கும் மருந்துகள் அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், நோயும் திரும்பலாம். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஓரிரண்டு ஆண்டுகள் தொடரச் சொல்வார்கள். பிறகு மெதுவாகக் குறைப்பார்கள். சிலருக்கு நீண்ட காலம் தேவைப்படும், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எடுப்பதுபோல.

தெரபி என்றால் உட்கார வைத்து ஆறுதல் சொல்வதுதானே? அதை நாங்களே சொல்லிவிட்டோமே?

இதில் ஆறுதலுக்கு இடம் மிகக் குறைவு. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளோடு தொடங்கிய முறை இன்றுவரை முதன்மையான பயிற்சியாக இருக்கிறது. பயப்படுவதைத் தெரிந்தே எதிர்கொள்ள வேண்டும். எதிர்கொண்ட பிறகு சடங்கைச் செய்யாமல் இருக்க வேண்டும். எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன், சுருக்கமாக ஈ.ஆர்.பி. என்று அழைப்பார்கள். எடுத்த எடுப்பில் பெரிய பயத்தில் தள்ளமாட்டார்கள். நோயாளியோடு உட்கார்ந்து ஓர் ஏணி வரைவார்கள். கீழ்ப்படி சற்றே பயம் தருவது, மேல்படி நினைத்தாலே நடுங்குவது.

மூன்று பாலிதீன் பையோடு வந்த பெண்ணின் ஏணியைச் சொல்கிறேன். கீழ்ப்படி, தெருவுக்குப் போட்டுப் போன செருப்பைக் கண்ணால் பார்ப்பது. அடுத்தது, வாரை ஒரு விரலால் தொட்டுவிட்டு அரை மணி நேரம் கழுவாமல் இருப்பது. அப்புறம் அதே கையால் கதவுப்பிடி, அலமாரி, தன் தலையணை. ஏழாம் வாரம் எங்கள் பிரிவின் குப்பைக்கூடை மூடியைத் தொட்டார். தொட்ட கையை உடம்பில் படாமல் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. நாங்கள் யாரும் ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லவில்லை. இருபது நிமிடத்தில் கை தோள் மட்டத்திலிருந்து இறங்கியது. மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. நாற்பது நிமிடம் இருக்கும். பேச்சுவாக்கில் அந்தக் கை அவர் மடியில் புடவை மீது கிடந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பயிற்சி கொடுத்தவர் மெதுவாகக் காட்டியபோதுதான் குனிந்து பார்த்தார்.

பதற்றம் எப்போதும் இப்படித் தணியும் என்று சொல்ல முடியாது. சில நாட்களில் தணியாமலேயே வீட்டுக்குப் போவார்கள். பதற்றத்தோடேயே சோறாக்கவும் தூங்கவும் முடிகிறது என்று தெரிந்துகொள்வதும் பயிற்சிதான்.

“கதவைப் பூட்டினீர்களா?” என்று மனைவி கேட்கிறாள். “பூட்டிவிட்டேன் அம்மா” என்று சொல்வதில் என்ன தவறு? மனிதாபிமானம் இல்லையா?

முதல் முறை சொல்வதில் தவறே இல்லை. இருபதாவது முறை சொல்லும்போது நீங்கள் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அவளுடைய சடங்கில் பங்கெடுக்கிறீர்கள். உறுதி கேட்பதும் ஒரு சடங்கு என்று முதல் பதிலிலேயே சொன்னேன். உங்கள் பதில் ஐந்து நிமிட நிம்மதி தருகிறது. அந்த ஐந்து நிமிடத்துக்காக மூளை மறுபடியும் கேட்கச் சொல்கிறது. வீட்டில் எல்லோரும் வாசலிலேயே குளித்துவிட்டு உள்ளே வருவது, அவளுக்காக நீங்களே பூட்டை இழுத்துக் காட்டுவது, மாதம் இருபது சோப்பு வாங்கித் தருவது எல்லாம் இதே வகைதான். அன்பினால் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். குடும்பம் இப்படிச் சடங்குக்கு ஒத்துப்போவது கூடக் கூட நோயும் கூடுகிறது என்பதைப் பல ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன, நாங்கள் அன்றாடம் பார்க்கவும் செய்கிறோம்.

அதற்காக எரிந்து விழ வேண்டாம். “உனக்குக் கஷ்டமாக இருக்கிறது, தெரிகிறது. இது நோய் கேட்கிற கேள்வி என்று நினைக்கிறேன். பதில் சொல்லமாட்டேன், ஆனால் பக்கத்திலேயே இருக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். முதலில் கோபம் வரும், அழுகை வரும். சமையலறைக்குக் கூப்பிட்டு வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள். நீங்களும் சேர்ந்து உரியுங்கள்.

அப்படியானால் நாளைக்கே மோட்டாரை நிறுத்திக் குளியலறையைப் பூட்டிவிடவா?

வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீரை நிறுத்தி, கத்தி ரகளையாகி, மகன் வீட்டை விட்டுப் போன குடும்பத்தைத் தெரியும். நாளை முதல் எந்தெந்த உதவியை எந்த அளவுக்குக் குறைக்கப் போகிறோம் என்று அவரோடு உட்கார்ந்து பேசி, எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள். இருபது முறை சொன்ன பதில் இந்த வாரம் பத்து, அடுத்த வாரம் ஐந்து. தெரபி பற்றிய பதிலில் சொன்ன ஏணி உங்களுக்கும்தான்.

பையனுக்கு ஒன்பது வயது. எழுதி எழுதி அழிக்கிறான், நோட்டே கிழிகிறது. மிஸ் அடிக்கிறார். வளர்ந்தால் சரியாகிவிடுமா?

குழந்தைகளுக்கும் ஓசிடி வரும். எழுத்து ‘சரியாக’ விழவில்லை என்று அழிப்பது, தூங்கப் போகும் முன் அம்மாவிடம் ‘சாரி’ என்று குறிப்பிட்ட எண்ணிக்கையில் சொல்வது, படியை எண்ணி ஏறுவது. எண்ணிக்கை தவறினால் அம்மா செத்துவிடுவாள் என்று உள்ளே நினைத்துக்கொண்டிருப்பான். அதை யாரிடமும் சொல்லியிருக்கமாட்டான். சின்னக் குழந்தைகள் ஒரே கதையைத் திரும்பக் கேட்பது, ஒரே தட்டில் சாப்பிட அடம்பிடிப்பது எல்லாம் வயதின் இயல்பு. அதில் மகிழ்ச்சி இருக்கும். இதில் பயம் இருக்கும். காத்திருக்காமல் காட்டுங்கள். ஏணிப் பயிற்சி குழந்தைகளுக்கு நன்றாகவே பலன் தருகிறது. நோய்க்கு ஒரு பெயர் வைத்து, ‘அவன்’ சொல்வதைக் கேட்காதே என்று விளையாட்டாகச் செய்வார்கள். ஆசிரியரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். அடித்தால் கூடுமே தவிரக் குறையாது.

மாமனார் பழைய பேப்பரும் பால் கவரும் தூக்கிப் போடவிடமாட்டேன் என்கிறார். அக்கா மகள் தலைமுடியைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறாள். இதெல்லாமும் ஓசிடியா?

உறவுக்காரர்கள். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வகைப்பாட்டைத் திருத்தியபோது ஓசிடியைப் பதற்ற நோய்களிலிருந்து பிரித்து, இவற்றோடு சேர்த்து ஒரு குடும்பமாக வைத்தது. படுக்க இடமில்லாத அளவுக்குப் பொருட்களைக் குவித்து, எதையும் விட முடியாமல் தவிப்பது ஒன்று. முடியைப் பிடுங்குவதும் தோலைக் கிள்ளிப் புண்ணாக்குவதும் தனித்தனி வகை. மூக்கு கோணல், முகம் விகாரம் என்று மற்றவருக்குத் தெரியாத குறையைக் கண்ணாடியில் மணிக்கணக்கில் தேடுவது இன்னொன்று. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு, தனக்குப் பெரிய வியாதி இருக்கிறது என்று ஓயாமல் பரிசோதனை செய்துகொள்வதையும், உடம்பில் நாற்றம் அடிக்கிறது என்ற விடாத நினைப்பையும் இதே குடும்பத்தில் சேர்த்திருக்கிறது.

சிகிச்சை எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. முடி பிடுங்குவதற்கு, கை தலைக்குப் போகும் நேரத்தை முதலில் கவனிக்கவும், அப்போது கையை மூடிப் பிடிப்பது போன்ற வேறு செயலைச் செய்யவும் பழக்குவார்கள். ‘கையை எடு’ என்று அதட்டுவதால் ஒன்றும் ஆகாது. பல நேரம் அவளுக்கே தெரியாமல் கை போகும். மாமனார் இல்லாத நேரம் பார்த்து எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். திரும்பவும் குவியும், நம்பிக்கை மட்டும் போய்விடும்.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா?

சரியாகாது. புது வீடு, புதுப் பொறுப்பு, மறைக்க வேண்டிய பதற்றம் எல்லாம் சேர்ந்து கூடத்தான் செய்யும். சிகிச்சை எடுத்துக் கட்டுக்குள் வந்த பிறகு திருமணம் செய்து நன்றாக வாழ்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. மாத்திரையை அலமாரித் துணிக்கு அடியில் ஒளித்து வைத்து, பிறகு பயத்தில் நிறுத்தி, நோய் திரும்பி வந்த புதுப்பெண்கள் எங்கள் பெஞ்சில் அடிக்கடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். குறையவே இல்லை. எனக்கு வேறு வழியே இல்லையா?

முதல் மருந்திலேயே எல்லோருக்கும் போதுமான குணம் கிடைப்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது: அளவு போதுமா, நாள் போதுமா, ஏணிப் பயிற்சி ஒழுங்காக நடந்ததா? பலருக்குப் பயிற்சி நடந்தே இருக்காது. நம் ஊரில் பயிற்சி தரத் தெரிந்தவர்கள் குறைவு என்பது உண்மையான குறை. நோயாளியின் தவறு அல்ல. அடுத்து, அதே வகையில் வேறு மருந்து, பிறகு பழைய மருந்தான க்ளோமிப்ரமின், கூடுதலாகச் சேர்க்கும் மருந்துகள் என்று படிகள் உண்டு. தலைக்கு வெளியிலிருந்து காந்த அலை கொடுக்கும் ஒரு சிகிச்சையை 2018இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஓசிடிக்கு அனுமதித்தது. எதற்கும் கேட்காத மிகச் சிலருக்கு மூளை அறுவைச் சிகிச்சை முறைகள்கூட இருக்கின்றன.

இப்படி வாழ்வதற்குச் செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. இதுவும் ஓசிடி எண்ணம்தானா?

அப்படியும் இருக்கலாம். ஓசிடியோடு சேர்ந்து வரும் மனச்சோர்வாகவும் இருக்கலாம், அது மிகவும் சகஜம். எது என்று நீங்களே தீர்மானிக்க முயல வேண்டாம். இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 இரவு பகலாக இயங்குகிறது. கையில் ஏதாவது தயாராக வைத்திருந்தால், மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு இப்போதே வாருங்கள். குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை: ‘சும்மா சொல்கிறாள்’ என்று விட்டுவிடாதீர்கள்.

இதை ஏழெட்டு முறை படித்துவிட்டேன். எனக்கு இருப்பது ஓசிடிதான், வேறு மோசமான எதுவும் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுங்களேன்?

மனைவிக்குப் பதில் சொல்வதைப் பற்றி அந்தக் கணவரிடம் சொன்னதை ஒரு முறை மட்டும் போய்ப் படித்துப் பாருங்கள். முதல் முறை நீங்கள் படித்தது தெரிந்துகொள்ள. எட்டாவது முறை படித்தது பூட்டை இழுத்துப் பார்ப்பது. அதனால் இந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று இல்லை, அதோடேயே கிளம்பி வாருங்கள். புறநோயாளிச் சீட்டு காலையில் தருவார்கள். வரிசை நீளமாகத்தான் இருக்கும். எண்ணங்களை எழுதிக்கொண்டு வாருங்கள், ஒரே தாளில், ஒரே முறை எழுதியது போதும்.